வேலியும் நன்றியும்

கில்பர்ட் ஒயிட் 1789இல் வெளியிட்ட ஸெல்போர்ன் பற்றிய நூலில் ஒரு ஆமை வருகிறது. இங்கிலாந்தின் ரிங்மர் என்ற ஊரில், அவருடைய அத்தை வீட்டில், சுவர் சூழ்ந்த சிறு முற்றத்தில் அது முப்பது வருஷங்களுக்கு மேல் வளர்ந்தது. அத்தை கண்ணில் பட்டதும் ஆமை தடுமாறிக்கொண்டு அவரை நோக்கி விரையும், அந்நியர்களைப் பொருட்படுத்தாது. இதைக் கண்ட ஒயிட், இவ்வளவு மந்தமான பிராணியும் தனக்கு உணவிடும் கையை அறிகிறது, அதற்கும் நன்றியுணர்ச்சி உண்டு என்று முடிவு கட்டுகிறார்.

இந்த முடிவு எனக்குச் சம்மதமில்லை. ஆமைக்கு நன்றி உண்டா என்பது உயிரியலின் கேள்வி. உணவிட்டவர் நன்றியை எதிர்பார்க்க என்ன தார்மீக உரிமை இருக்கிறது என்பது என் கேள்வி.

டாண்டிலியன் போன்ற பால் வடியும் செடிகள் அதற்குப் பிரியம் என்று ஒயிட்டே எழுதுகிறார். யாரும் விதைக்காமல் முளைக்கிற செடி அது. சுவரை எழுப்பியவர் முதலில் ஆமையின் மேய்ச்சலைப் பறித்துக்கொண்டார். பிறகு அதில் ஒரு பிடியைக் கையில் எடுத்து நீட்டுகிறார். இதைத் தானம் என்பது எப்படி? பட்ட கடனைத் தவணையில் தீர்க்கிற காரியம்.

நான் வங்கிக் கவுண்ட்டரில் உட்காருகிறவன். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கும்பிடுகிறார்கள். பணம் அவர்களுடையது, கையெழுத்தும் அவர்களுடையது. நான் எண்ணிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கண்ணாடித் தடுப்பின் இந்தப் பக்கம் இருப்பதாலேயே நான் கொடுப்பவனாகிவிடுகிறேன். கும்பிடு உண்மையில் தடுப்புக்குத்தான் போகிறது.

கொடுப்பதில் இன்னொரு சபலமும் உண்டு. இவ்வகை ஆமைக்கு நார் மிகுந்த களைச்செடிகள் ஏற்றவை. பழம் வயிற்றைக் கெடுக்கும். ஆனால் பழத்துண்டைக் கண்டால் ஆவலோடு வரும். அது வருகிற அழகைப் பார்ப்பதற்காகப் பழம் கொடுக்கிறவர், ஆமையின் பசியைச் சாக்கிட்டுத் தம் பசியைத் தீர்த்துக்கொள்கிறார்.

ஒயிட் நேர்மையான கவனிப்பாளர். தம் முடிவுக்கு எதிரான சாட்சியத்தையும் எழுதி வைத்திருக்கிறார். 1780இல் அத்தை இறந்தபின் ஆமையைத் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஜூன் தொடக்கத்தில் அது காலை ஐந்து மணிக்கே கிளம்பி, காலை உயர்த்தி ஊன்றி நடந்து, வேலியின் ஒவ்வொரு இடைவெளியையும் சோதிக்குமாம். தோட்டக்காரரை ஏமாற்றித் தூரத்து வயல்வரை போனதும் உண்டு. தீனிக்குக் குறைவில்லாத தோட்டத்தில் அது வேலியில் சந்து தேடியது. துணை நாடிப் போகிறது என்று ஒயிட் ஊகித்தார். 1794இல் அது இறந்தது. திமோதி என்று ஆண்பெயர் சூட்டப்பட்ட அந்த ஆமை பெண் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அரை நூற்றாண்டு உணவிட்டவர்கள் அதன் பசியை மட்டுமே அறிந்திருந்தார்கள்.

உணவிட வேண்டாம் என்பதல்ல என் வாதம். வேலி கட்டியவர் ஒருநாளும் தவறாமல் உணவிடக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை நிறைவேற்றியதால் வேலி நியாயமாகிவிடாது. ஒயிட்டின் குறிப்புப்படி இலையுதிர்காலத்தின் கடைசி ஆறு வாரங்கள் ஆமை அநேகமாக எதுவும் தின்பதில்லை. நவம்பர் மத்தியில் மண்ணுக்குள் போனால் ஏப்ரல் மத்தியில்தான் வெளிவரும். அந்த மாதங்களில் யாருடைய கையும் அதற்குத் தேவையில்லை. வேலி மட்டும் அப்படியே நிற்கிறது.