செல்லப் பிராணிகளுக்கு மறுபிறவி உண்டா?

வீட்டில் வளர்த்த நாயோ பூனையோ இறந்துவிட்டால், அது மீண்டும் பிறந்து நம்மிடமே வருமா என்று கேட்கும் கிறிஸ்தவர்கள் மேல்நாடுகளில் பலர் உளர். பிள்ளைகள் பிரிந்துபோன முதுமையில் துணையாயிருந்த பிராணியும் மடிந்தால், அடுத்து வாங்கும் குட்டியின் கண்ணிலே பழையதன் பார்வையைத் தேடுவது மனித இயல்பே. இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால், அரிசி மூட்டைகளை எலியினின்று காத்த கடைப்பூனை செத்த அன்று கல்லாவிலே மனம் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் நகைக்கமாட்டார்கள்.

கிறிஸ்தவ மார்க்கத்தின் விடை தெளிவானது. மறுபிறவி மனிதனுக்கே இல்லையெனும்போது பிராணிக்கு ஏது? மனிதன் மரிப்பது ஒரே தடவை, அதன் பின்னர் நியாயத்தீர்ப்பு என்ற கருத்தை எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் (9:27) காணலாம். உடல் தோன்றுமுன்பே ஆன்மா இருந்தது என்று போதித்த ஓரிஜன் என்ற அலெக்ஸாந்திரியா அறிஞரை, 553ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சபை கண்டனத்துக்குரியவர் வரிசையிலே சேர்த்தது. இவ்வளவிருந்தும், 2009ல் அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் விசாரித்தபோது, அந்நாட்டுக் கிறிஸ்தவர்களில் 22 சதவிகிதத்தினர் மறுபிறவியை நம்புவதாகச் சொல்லியிருக்கின்றனர். சபை சொல்வது ஒன்று, சனங்கள் நம்புவது ஒன்று! (நம் சமுதாயத்தில் இத்தகைய நிலை அறவே இல்லையென்று மார்தட்டவும் இயலாது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.)

ஆகவே, அவர்களுடைய அறிஞர்களிடையே உண்மையாக நடந்துவரும் விவாதம் மறுபிறவியைப் பற்றியதன்று. மறுமையில் பிராணிகளுக்குப் பங்குண்டா என்பதே. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ், பிராணிக்கும் ஆன்மா உண்டு, ஆனால் அறிவால் ஆராயும் ஆற்றல் அதற்கில்லை, ஆதலால் உடலோடு அதுவும் அழியும் என்றார். நம் இப்னு ஸீனாவின் நூல்களைக் கற்றுப் பயன்பெற்ற பேரறிஞர் அவர். தர்க்கத்தில் பிசகு காண்பது கடினம். எனினும், அடிபட்டுச் செத்த வண்டிமாட்டுக்கு அந்தத் தர்க்கத்திலே யாதொரு நியாயமும் கிடைக்கவில்லை.

அந்தக் குறையை உணர்ந்தவர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தவர். நம்மவர் பிள்ளைகள் பலர் இந்நாட்டிலே பயின்ற மெதடிஸ்ட் பள்ளிக்கூடங்களின் பெயர் அவ்வழி வந்ததே. வாழ்நாளில் பெரும்பகுதியைக் குதிரைமீதேறி ஊர் ஊராகச் சென்று கழித்த அவர், 1781ஆம் ஆண்டுப் பிரசங்கமொன்றில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். பிராணிகள் பாவம் செய்யவில்லை. ஆயினும் மனிதன் கையில் சொல்லொணாத் துன்பத்தை அனுபவிக்கின்றன. இறைவன் நீதியுள்ளவனாதலால், இறுதியில் அவற்றை மேலான நிலைக்கு உயர்த்தி ஈடு செய்வான் என்பது அவர் வாதம். அவர் கண்முன் நின்றது மடியிலே கொஞ்சிய நாய்க்குட்டி மட்டுமன்று. சாட்டையடி பட்ட குதிரையும்தான்.

1940ல் துன்பத்தைப் பற்றி நூலெழுதிய ஸி. எஸ். லூயிஸ் என்பவர் வேறு வழி கண்டார். வீட்டுப் பிராணிக்குத் தன்னளவில் நித்திய வாழ்வு இல்லாவிட்டாலும், எஜமானன் மூலமாக அது கிட்டக்கூடும் என்று ஊகித்தார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எஜமானனே இல்லாத தெருப்பூனையின் கதி என்ன? நல்ல வீடு வாய்த்த பிராணிக்கு இம்மையிலும் சுகம், மறுமையிலும் சுகம். வாய்க்காததற்கு இரண்டிடத்திலும் கதவடைப்பா? 2014ல், போப் பிரான்ஸிஸ் ஒரு சிறுவனைத் தேற்றி, பிராணிகளுக்கும் சுவர்க்கம் உண்டென்றாரெனப் பத்திரிகைகள் பரபரப்பூட்டின. பின்னர் அவர் அவ்வாறு கூறவில்லையென்று தெரிந்து திருத்தம் போட்டார்கள். அச்செய்தியைக் கண்டதும் உலகம் எவ்வளவு ஆவலுடன் பற்றிக்கொண்டது!

நம் மார்க்கத்தில் மறுபிறவிக் கொள்கைக்கு இடமேயில்லை என்பதை நேயர்கள் அறிவர். எனினும், பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமூகங்களே, அவையும் தம் இறைவனிடம் ஒன்றுசேர்க்கப்படும் என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் (6:38) அறிவிக்கிறது. கியாமத்து நாளில், கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து பழி வாங்கிக் கொடுக்கப்படும் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமிலே பதிவாகியுள்ளது. அதன் பின்னர் அவை மண்ணாகிவிடும் என்பர் விரிவுரையாளர் பலர். வெஸ்லி எதிர்பார்த்த உயர்வு இங்கில்லை. ஆயின் அவர் தேடிய நியாயம் இருக்கிறது. கணக்குத் தீராமல் பேரேடு மூடப்படுவதில்லை. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே அப்படியென்றால், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் கடைக்காரரான நமக்குப் புதிதாகத் தோன்றாது. பெருநாளுக்கு நாலு நாள் கடை பூட்டுகிறோம். உள்ளேயிருக்கும் பூனைக்குத் தண்ணீர் வைப்பது யார் பொறுப்பென்று எத்தனை கடைகளில் சொல்லி வைத்திருக்கிறோம்?

வாடிக்கைக்காரரான ஒரு கிறிஸ்தவ அன்பர் பிராணியைப் பறிகொடுத்து மனமுடைந்து வந்தால், அது திரும்பிப் பிறக்கும் என்று பொய்யாகத் தேற்ற வேண்டியதில்லை. அவர் மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. வெஸ்லியின் பிரசங்கத்தைப் படித்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள். மெதடிஸ்ட் பள்ளியில் பயின்றவராயிருந்தால் ஒரு கோப்பித் தேநீருக்கும் சொல்லிவிடுங்கள். பேச்சு சீக்கிரம் முடியாது.