பிறர் மூச்சில் ஓடும் வண்டி

மலேசிய அரசு 2025 செப்டம்பர் 30 முதல் ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்கள் அனைவருக்கும் பூடி95 திட்டத்தின் கீழ் ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வழங்கத் தொடங்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 30 அன்று, சுபாங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட புரோட்டோன் நிறுவனம் இ.மாஸ் 5 என்ற மின்சாரக் காரை 60,000 ரிங்கிட்டுக்கும் குறைவான தொடக்க விலையில் இறக்கியது. டிசம்பர் 1 அன்று பெரோடுவா நிறுவனத்தின் மின்சாரக் கார் கியூவி-இ வந்தது: வண்டி 80,000 ரிங்கிட், பேட்டரிக்குத் தனியாக மாதம் 275 ரிங்கிட் வாடகை. ஒரு கை பெட்ரோலை மலிவாக்குகிறது. மறு கை பெட்ரோலே வேண்டாத வண்டியை மலிவாக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார் சாதாரண ஓட்டுநர்.

இந்தக் குழப்பத்தை நாம் காசுக் கணக்காகவே பேசி முடித்துவிடுகிறோம். பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும், பழைய வண்டியாக விற்றால் என்ன கிடைக்கும், தீபாவளிக்கு ஈப்போ போனால் வழியில் சார்ஜ் ஏற்ற இடம் இருக்குமா என்ற கேள்விகளே உணவகத்திலும் கோயில் வாசலிலும் கேட்கின்றன. கேட்க வேண்டியவைதாம். அறம் கேட்கும் கேள்வி இவற்றுக்கெல்லாம் முந்தியது: ஒருவர் காரில் போவதற்கான விலையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள்? இதற்கு நேர்மையாக விடை தேடினால் முடிவு தெளிவாகவே இருக்கிறது. புதுக் கார் வாங்கும் வசதியும், இரவில் சார்ஜ் ஏற்ற வீட்டில் இடமும் உள்ளவர் இனியும் பெட்ரோல் கார் வாங்குவதை நியாயப்படுத்த முடியாது.

திருக்குறளின் 32-ஆம் அதிகாரம் இன்னா செய்யாமை. தனக்குத் துன்பம் என்று தெரிந்த ஒன்றைப் பிறருக்குச் செய்யாதே என்று சொல்வதோடு வள்ளுவர் நிற்கவில்லை. சிறிதளவும் வேண்டாம், எந்தக் காலத்திலும் வேண்டாம், யாருக்கும் வேண்டாம் என்று தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார். ‘சிறிதளவும்’ என்ற அந்தக் கண்டிப்புதான் புகைக்குழாய்க்கு மிகவும் பொருந்துகிறது. ஒரே ஒரு காரின் புகையால் எவரும் நோயில் விழுவதில்லை. அதனால் ஒவ்வொரு ஓட்டுநரும் தன்னைக் குற்றமற்றவராக எண்ணிக்கொள்ள முடிகிறது. காலை ஏழரை மணிக்குச் சுபாங் ஜெயாவின் பெர்சியாரான் கெவாஜிப்பான் சாலையில் நகர முடியாமல் நிற்கும் கார்கள் எல்லாம் சேர்ந்து கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் பென்சீனும் அந்த எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனக் காற்றில் அமர்ந்திருப்பவரோடு அவை நின்றுவிடுவதுமில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் தடத்தில் வேலைக்கு விரையும் தொழிலாளி, பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவி, சாலையோரம் நாசி லெமாக் விற்கும் அம்மா ஆகியோரின் நுரையீரலுக்குள்ளும் அவை போகின்றன. காரின் சுகம் ஒருவருக்கு. அதன் கழிவு வேறொருவருக்கு. அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. டயர்த் தூசி மின்சாரக் காரிலும் உண்டு என்பது உண்மை. ஆனால் நின்ற இடத்தில் நின்றபடியே பிறர் மூச்சைக் கெடுக்கும் குழாய் அதில் இல்லை.

வண்டி ஓட்டுபவரின் பொறுப்பைத் தமிழ் மரபு தேரின் வழியாகப் பேசியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவைக்கு வரும் கண்ணகி தன் ஊரின் பெருமையாக நினைவூட்டும் சோழ மன்னன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன். பெரியபுராணம் இந்நிகழ்ச்சியைத் திருவாரூரில் வைத்து விரிக்கிறது. தேரில் போன இளவரசன் அந்தக் கன்றைக் கொல்ல நினைத்தவனே அல்லன். அது துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள், மன்னன் ஏற்கவில்லை. அறியாமல் நேர்ந்த ஒரு சாவுக்கே தேர் ஓட்டியவன் பொறுப்பு என்று தீர்ப்பளித்த அரசனைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவருகிறோம். நன்கு அறிந்தே நாள்தோறும் செய்யும் தீங்குக்கு நாம் சொல்லப்போகும் சமாதானம் என்ன? பறம்பு மலைப் பாரியோ படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தன் தேரையே விட்டுவந்தான் என்று சங்கப் பாடல்கள் பேசுகின்றன. இன்றைய ஓட்டுநரைத் தேரை விட்டுவிட்டு நடந்து போகும்படி எவரும் கேட்கவில்லை. அடுத்த முறை வேறொரு தேரை வாங்கும்படி மட்டுமே கேட்கிறோம்.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தைக் குறள் வான்சிறப்புக்குக் கொடுத்திருக்கிறது. மழை பொய்த்தால் மனித வாழ்வு குலையும் என்பதை வள்ளுவர் நன்கு அறிந்திருந்தார். மிகுந்தாலும் குலையும் என்பதை நாமே கண்டோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளின் மேல்மாடியைத் தொட்டபோது, கூரைமீது ஏறிக் காத்திருந்தவர்களில் நம்மவரும் பலர். ஒரு வெள்ளத்தின் பழியை ஒரு காரின் மேல் போட முடியாது. எனினும் சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்து வந்து ஒரேயடியாகக் கொட்டும் என்பது இயற்பியல். அந்தச் சூட்டில், எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் வெளியிடும் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவுக்கும் பங்குண்டு.

பொதுப்பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒப்புரவறிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் பேரறிவாளனின் செல்வத்தை ஊர் முழுவதும் நீர் எடுக்கும் குளத்தோடு ஒப்பிடுகிறார். ஊர்ச்சொத்து அப்படி எல்லாருக்கும் பயன்பட வேண்டும். பூடி95 தொடங்கியபோது மானியமில்லாத விலை 2.60 ரிங்கிட். அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் 61 சென் அரசுக் கருவூலத்திலிருந்து போனது. அப்போதிருந்த மாதம் 300 லிட்டர் வரம்பை முழுதாகப் பயன்படுத்தியவர் 183 ரிங்கிட் பொதுப்பணத்தை எரித்தார். வண்டியே இல்லாதவர் வீட்டுக்கு அதில் ஒன்றும் வருவதில்லை. இத்தனை மானியத்துக்குப் பிறகும் கணக்கு பெட்ரோல் பக்கம் சாயவில்லை. 100 கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் காருக்கு ஏறக்குறைய 13 ரிங்கிட் ஆகிறது. அதே தூரத்துக்குச் சிறிய மின்சாரக் கார் 15 யூனிட் அளவு எடுக்கும். பெரும்பாலான வீடுகளின் மின்கட்டணத்தில் அது ஏறக்குறைய 7 ரிங்கிட்தான். இ.மாஸ் 5 வகைகளில் மலிவானதுகூட ஒரு சார்ஜுக்கு 225 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். சுபாங் ஜெயாவிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வருபவருக்கு வாரத்தில் ஓரிரு இரவு சார்ஜ் ஏற்றினால் போதும்.

மறுதரப்பிலும் உண்மை உண்டு. கிள்ளானை அடுத்த காப்பாரில் நிலக்கரி எரிகிறது. தீபகற்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே இன்றைய நிலையில் சிக்கனமான பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் கரியமிலக் கணக்கில் மின்சாரக் காரின் நன்மை பெரிதல்ல. மோட்டார்களின் காந்தத்துக்கு அரிய மண் தாதுக்கள் வேண்டும். அவற்றைப் பிரித்தெடுத்த ஆலை ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் விட்டுச்சென்ற துயரத்தைப் பேராக் மக்கள் மறக்கவில்லை. அழிவது, ஆவது, பின்னர் பயப்பது ஆகிய மூன்றையும் எண்ணிச் செயலில் இறங்கச் சொல்கிறது குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம். எண்ணிப் பார்த்தால், புது நிலக்கரி ஆலை இல்லை, 2044-க்குள் நிலக்கரியே இல்லை என்று அரசு அறிவித்திருக்கிறது. மின்சாரம் தூய்மையாகும்போது ஏற்கெனவே வாங்கிய மின்சாரக் காரும் கூடவே தூய்மையாகும். இன்று வாங்கும் பெட்ரோல் கார் தன் ஆயுள் முழுவதும் இன்று விட்ட புகையையே விடும்.

பழைய பெரோடுவா மைவியை ஓட்டிப் பிழைப்பவர் அதை விற்றுவிட்டுக் கடனில் விழ வேண்டியதில்லை. அவருக்கு இந்தக் கடமை இல்லை. 2015 முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடும் சன்வே பிஆர்டியும், 2016-இல் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்ட எல்ஆர்டியும் சுபாங் ஜெயாவில் இருக்கின்றன. காரே வாங்காமல் இருப்பது இன்னும் உயர்ந்த அறம்.

மின்சாரக் கார் வாங்க விரும்புபவருக்கு உண்மையான தடை அடுக்ககங்களில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் அடுக்கக நிர்வாகச் சட்டப்படி பொதுச்சொத்து நிர்வாகக் குழுவின் கையில் உள்ளது. வாகன நிறுத்துமிடம் பல இடங்களில் வீட்டு உரிமையாளருடையது. அங்கே மின்கம்பி வர வேண்டிய சுவரும் மின்பலகையும் பொதுவானவை. தீப்பிடிக்கும் என்ற அச்சத்தில் குழுக்கள் அனுமதி மறுக்கின்றன. 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து வீடுகள் கருகியதைக் கண்ட ஊருக்குத் தீயைப் பற்றிய அச்சம் வருவது இயல்பே. பேட்டரித் தீயை அணைப்பது கடினம் என்பதும் மெய். ஆனால் அன்று வெடித்தது எந்தப் பேட்டரியும் அல்ல. சுவீடன், நார்வே நாடுகளின் தீயணைப்புப் பதிவுகளோ மின்சாரக் கார்கள் பெட்ரோல் கார்களைவிடக் குறைவாகவே தீப்பற்றுவதைக் காட்டுகின்றன. தொட்டி நிறைய பெட்ரோலோடு நூற்றுக்கணக்கான கார்களைத் தரைத்தளத்தில் நிறுத்த இடம் தரும் குழு, முறையாகப் பொருத்திய ஒரு சார்ஜரை மறுக்கும்போது பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியாது. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒவ்வோர் அடுக்ககமும் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரட்டும்: உரிமம் பெற்ற மின்பணியாளர், தனி மீட்டர், தனி மின்துண்டிப்பான், செலவு கேட்பவருடையது. இந்த நான்குக்கும் உடன்படுபவருக்கு இல்லை என்று சொல்லும் உரிமை எந்தக் குழுவுக்கும் இருக்கக்கூடாது.