தேர்ந்தெடுக்கும் உரிமையும் கற்கும் கடமையும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர், பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் பிறரிடம் ஒப்படைத்து விடுகின்றனர். எந்த நூல், எந்த முறை, எந்த வரிசை என்பனவற்றைக் கல்வி அமைச்சும் பள்ளியும் ஆசிரியரும் முடிவு செய்வர். பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி புகட்ட முன்வரும் பெற்றோருக்கு இந்த ஆறுதல் இல்லை. தேர்வு அவர்களுடையது, அதன் விளைவைச் சுமப்பதோ பிள்ளை. ஒருவர் தேர்ந்தெடுக்க மற்றொருவர் சுமக்கும் இந்நிலையில் ஓர் அறவியல் வினா பிறக்கிறது. இன்னொருவரின் வாழ்வுக்காகத் தேர்வு செய்யும் உரிமை எதனால் தகுதியுடையதாகிறது?

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கட்டாயக் கல்விச் சட்டம், 2003ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். கற்பிக்கவிருக்கும் பாடத்திட்டத்தை முன்வைக்க வேண்டும். பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதி, வரையறுத்த தரத்தை எட்ட வேண்டும். மலேசியாவிலும் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்கு 2002இல் கொணரப்பட்ட திருத்தத்தால், 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. ஆயினும், சட்டம் வகுப்பது கீழெல்லையை மட்டுமே. அந்த எல்லைக்கு மேல் நல்ல தேர்வு எது என்பதைப் பெற்றோரின் மனச்சான்றுதான் கூற வேண்டும்.

இவ்வினா மிகுதியும் அழுத்துவது பத்து வயதிற்கும் பதினான்கு வயதிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்; அதிலும் கணிதத்திலும் மொழியிலும். வரலாற்றில் ஒரு நூற்றாண்டைப் படிக்காமல் விட்டவன், பின்னொரு நாளில் அதனைப் படித்துக் கொள்ளலாம். பின்னத்தை உணராமல் விட்டவனுக்கு விகிதம் விளங்காது. விகிதம் விளங்காதவனுக்கு இயற்கணிதம் வெறும் எழுத்துக் கூட்டமாகவே தோன்றும். மொழியும் அத்தகையதே. பேச்சளவில் நின்ற மொழி, எண்ணத்தைத் தாங்கும் எழுத்து மொழியாக வளரும் பருவம் இது. இப்பருவத்தில் கைநழுவிய மொழியைப் பின்னர் மீட்க இயலும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது.

வீட்டுக் கல்வியின் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. 1806இல் இலண்டனில் பிறந்த ஜான் ஸ்டூவர்ட் மில், இளமையில் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். தந்தை ஜேம்ஸ் மில்லே அவருக்கு ஆசிரியர். மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் தொடங்கப்பட்டன. எட்டு முதல் பன்னிரண்டு வயதிற்குள் வடிவக்கணிதம், இயற்கணிதம், நுண்கணிதம் வரை பாடம் நீண்டது. அவர் மறைந்த 1873ஆம் ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்று நூலில், இக்கல்வியை அவரே நடுநிலையோடு மதிப்பிட்டுள்ளார்.

கிரேக்கப் பாடம் நடந்த முறை கருதத்தக்கது. தந்தை இந்தியாவின் வரலாற்றை எழுதிக் கொண்டிருந்த அதே அறையில், அதே மேசையில் அமர்ந்து மகன் படித்தான். அன்று அவனுக்குத் துணையாகத்தக்க கிரேக்க அகராதியைப் பயன்படுத்த இலத்தீன் தெரிந்திருக்க வேண்டும். சிறுவனோ இலத்தீனைத் தொடங்கியிருக்கவில்லை. ஆதலால், தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் தந்தையைக் கேட்டான். இயல்பில் பொறுமை குறைந்த அத்தந்தை, தம் பெரும்பணிக்கு நேர்ந்த இடையூற்றை நாள்தோறும் தாங்கிக் கொண்டு விடை கூறினார்.

கணிதத்திலோ நிலை மாறியது. ஜேம்ஸ் மில் தம் இளமையில் கற்ற கணிதத்தைப் பிற்காலத்தில் பேணவில்லை. மகனின் ஐயங்களைக் களையும் அளவிற்குத் தம்மை மீண்டும் தகுதிப்படுத்திக் கொள்ள அவருக்கு நேரமும் இல்லை. எனவே, நூல்களை மட்டும் துணையாகக் கொண்டு மகன் தனியே போராடினான். கடினமான கணக்குகளைத் தீர்க்க இயலாதபோது தந்தையின் சினத்திற்கு ஆளானான். அக்கணக்குகளுக்கு வேண்டிய முன்னறிவே மகனிடம் இல்லை என்பதைத் தந்தை காணவில்லை. உயர்கணிதத்தைத் தாம் முழுமையாகக் கற்கவில்லை என்று மில் பின்னாளில் எழுதினார்.

ஒரே தந்தை, ஒரே மகன், ஒரே வீடு. ஒரு பாடத்தில் தந்தை உடன் நடந்தார். மற்றொன்றில் கட்டளை மட்டும் இட்டார். வேறுபாட்டிற்குக் காரணம் நூலின் தரம் அன்று என்பது இதனால் விளங்கும். தேர்ந்தெடுத்தவர் தேர்ந்தெடுத்ததை அறிந்திருந்தாரா என்பதே காரணம்.

விடைநூலைக் கையில் வைத்திருப்பது இந்த அறிவாகாது. ஒரு சிறுமி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள் எனக் கொள்வோம். விடைநூல் அது பிழை என்று மட்டும் கூறும். பாடத்தை அறிந்த பெற்றோர், அவள் மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டினாள் என்பதைக் காண்பர். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாயிற்றே, அரையோடு ஒன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறையுமா என்று வினவுவர். பிழை அங்கே வாயிலாக மாறும். விடைநூலை மட்டும் நம்பிய வீட்டில், அதே பிழை அவளது அறிவின்மைக்குச் சான்றாக எண்ணப்படும். இந்தச் சிறு அநீதி நாள்தோறும் நிகழுமாயின், ‘எனக்குக் கணக்கு வராது’ என்னும் முடிவிற்குப் பிள்ளை வந்துவிடும்.

நல்ல நூலும் இதனைத் தானே தடுத்துவிடாது. சிங்கப்பூரின் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் 1980களில் உருவாக்கிய தொடக்கப்பள்ளிக் கணித நூல்கள், பின்னர் அமெரிக்காவில் வீட்டுக் கல்வி அளிக்கும் குடும்பங்கள் பலவற்றால் விரும்பி ஏற்கப்பட்டன. கைப்பொருள், படம், குறியீடு என்னும் மூன்று படிகளில் ஏறுவது அந்நூல்களின் முறை. அண்ணனிடம் உள்ள பணம் தம்பியிடம் உள்ளதைப் போல் மூன்று மடங்கு. அண்ணன் 20 வெள்ளி கொடுத்தால் இருவரிடமும் சமமாகிவிடும் என்பது கணக்கு. அண்ணனுக்கு மூன்று கட்டங்களும் தம்பிக்கு ஒரு கட்டமும் வரைந்தால், ஒரு கட்டம் இடம் மாறியதும் இருவருக்கும் இரண்டிரண்டு ஆவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே ஒரு கட்டம் 20 வெள்ளி. அண்ணனிடம் 60, தம்பியிடம் 20. பின்னாளில் அக்கட்டமே இயற்கணிதத்தின் தெரியாக் கணியமாகப் பெயர் பெறும். இப்பயணத்தைத் தாமே ஒருமுறை நடந்து பார்த்த பெற்றோர், கட்டத்திலிருந்து எழுத்திற்குப் பிள்ளை எப்போது ஆயத்தமாகிறது என்பதை உணர்வர். நடந்து பாராதவர்கள் படங்களைக் காலவிரயம் எனக் கருதிப் பக்கங்களைத் தள்ளிவிடவும் கூடும்.

மொழித் தேர்வில் இக்கடமை மேலும் நுட்பமானது. தமிழ்க் குடும்பம் ஒன்று வீட்டுக் கல்வியை ஏற்கும்போது இரண்டு சபலங்கள் எழுகின்றன. தமிழ் கடினம், பயன் குறைவு என்று கூறி அதனை ஓரத்தில் வைப்பது ஒன்று. இனப்பெருமையின் பொருட்டு உயர்ந்த இலக்கண நூலை வாங்கிப் பிள்ளையின்முன் வைத்துவிட்டு, உணவு மேசையில் பிற மொழியிலேயே உரையாடுவது மற்றொன்று. முன்னது பிள்ளையின் உரிமையைக் குறைக்கிறது. பின்னது தாம் சுமக்க விரும்பாத சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறது. வீட்டில் ஒலிக்காத தமிழைப் பாடநூல் மட்டும் வாழ்விக்காது. எளிய நூலாயினும், தாயோ தந்தையோ உடனமர்ந்து வாசித்து, அதனைப் பற்றித் தமிழில் பேசும் வீட்டில் மொழி வேர்கொள்ளும்.

அவ்வாறாயின், கற்றறிந்த பெற்றோர் மட்டுமே வீட்டில் கற்பிக்கலாமா என்று கேட்கலாம். அவ்வாறு கொள்வது ஏழைப் பெற்றோருக்கும் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியோருக்கும் இழைக்கும் அநீதியாகும். முன்பே கற்றிருக்க வேண்டும் என்பது இங்கே நிபந்தனை அன்று. இனியேனும் கற்க உடன்பட வேண்டும் என்பதே நிபந்தனை. பிள்ளைக்கு ஓர் அதிகாரம் முன்னே தாம் படிக்கும் தாய், தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் கூறி, இருவருமாகத் தேடும் தந்தை, தம்மால் இயலாத பாடத்திற்குத் தக்க ஆசிரியரை நாடும் குடும்பம் ஆகிய மூவரும் இக்கடமையை நிறைவேற்றியவர்களே. எதுவும் இயலாதபோது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் கடமையின் நிறைவேற்றமே. அதில் தோல்வி ஏதும் இல்லை.

எனினும், பெற்றோரின் அறிவு மட்டும் போதுமானதன்று. இதற்கும் மில்லின் வாழ்வே சான்று. 1826இல், இருபது வயதில், அவர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தார். எந்த நோக்கங்களுக்காக வளர்க்கப்பட்டாரோ, அவையெல்லாம் நிறைவேறினாலும் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மைத் தாமே வினவியபோது, இல்லை என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது. கவிதையின் துணையோடு அவர் மீண்டார். தந்தையின் கொள்கைகள் சிலவற்றைத் திருத்தித் தமக்கென ஒரு சிந்தனையை வகுத்துக் கொண்டார். திருத்துவதற்கு வேண்டிய கூரிய அறிவையும் தந்தையின் கல்வியே அவருக்குத் தந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அமெரிக்க மெய்யியலறிஞர் ஜோயல் ஃபைன்பெர்க், திறந்த எதிர்காலத்திற்கான பிள்ளையின் உரிமை என்னும் கருத்தை 1980இல் முன்வைத்தார். பிள்ளை வளர்ந்து தானே பயன்படுத்தவிருக்கும் உரிமைகள் சில, அதுவரை பெற்றோரிடம் அடைக்கலப் பொருளாக இருக்கின்றன என்பது அதன் சாரம். கணிதமும் மொழியும் அவ்வடைக்கலத்தின் பெரும்பகுதி. பொறியாளர் ஆவதா, கவிஞர் ஆவதா என்பதைப் பதினொரு வயதில் பெற்றோர் முடிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு கதவுகளும் மூடாமல் பார்த்துக் கொள்வதே அவர்தம் பணி.

ஆகவே, பாடநூலை ஆராயும் பெற்றோர் விலையையும் புகழையும் மட்டும் நோக்குதல் சாலாது. இந்நூலை உடனிருந்து கற்க மனம் உண்டா, இதன் வழியே பிள்ளை தம்மைக் கடந்து செல்ல இசைவு உண்டா என்னும் இரண்டு வினாக்களை அவர்கள் தம்மிடமே எழுப்புதல் வேண்டும். பிள்ளையின் சார்பில் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு இவ்விரண்டுமே அடிப்படை. அடைக்கலம் பெற்ற பொருளைக் குறையாமல் திருப்பித் தருவது நேர்மை. வளர்த்துத் தருவது பெற்றோர் அறம்.