வெண்மையும் வெம்மையும்

2007ஆம் ஆண்டு. நியூயார்க் மாநிலத்தில் வீட்டுக்கு வேண்டாத பொருட்களைப் பரப்பி விற்றனர். அவற்றிடையே ஒரு வெள்ளைக் கிண்ணம். 3 டாலருக்கு வாங்கப்பட்டது. வீட்டுக் கூடத்தில் வைக்கப்பட்டது. 2013இல் அதே கிண்ணம் ஏலத்திற்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், வட சோங் அரசர் காலத்துச் சீனத்தில், திங் சூளையில் சுட்டதென வல்லுநர் உரைத்தனர். போன விலை 22 இலட்சம் டாலருக்கு மேல்!

கிண்ணம் மாறிற்றா? இல்லை. வெண்மை கூடிற்றா? இல்லை. அங்ஙனமாயின் மதிப்பு எங்கே உறைகிறது? மண்ணிலா, பழமையிலா, வாங்குவோர் பணப்பையிலா? பகுத்தறிவு படைத்த நாம் கேட்டே தீர வேண்டிய கேள்வி இது.

சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் ஒரு பீங்கான் பித்தன். தெஹுவா நகரத்து வெண்பீங்கானைக் குவித்தான். வெண்மைமேல் நீலம் தீட்டிய பெருஞ்சாடிகளையும் குவித்தான். 1717இல் பிரஷ்ய மன்னனிடமிருந்து 151 சீனப் பீங்கான்களைப் பெற அவன் கொடுத்தது பொன்னன்று, பொருளன்று, 600 போர்வீரர்கள்! ஒரு பீங்கானுக்கு ஏறத்தாழ நான்கு மனிதர்! அச்சாடிகளுள் சில இன்றும் திரெஸ்தன் நகரில் பேணப்படுகின்றன. அவ்வீரரின் பெயர்களைப் பேணியவர் எவர்?

மாற்றப்பட்டவன் கதை அது. செய்தவன் கதை என்ன? ஜிங்டெஜென் நகரில் வெண்களிமண்ணோடு கல்மாவைக் குழைத்து, ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டனர். அந்த வெம்மையிலேதான் அந்த வெண்மை பிறந்தது. ஒரு பீங்கான் 70 தொழிலாளர் கைகளைக் கடந்து வருகிறதென்று, அந்நகரை அறிந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரெகோல் 1712இல் எழுதினார். எழுபது பேர் உழைத்தனர். அரண்மனைச் சாடியின் அடியில் பொறித்ததோ அரசன் ஆட்சிப் பெயர்!

தொழிலாளருள் ஒருவன் பெயர் நிலைத்தது: துங் பின். 1599இல் வான்லி பேரரசருக்கெனப் பெருஞ்சாடிகள் சுட ஆணை பிறந்தது. சாடிகள் சூளையிலே பழுதாயின, தொழிலாளர் வதைக்கப்பட்டனர். மனமுடைந்த துங் பின் எரியும் சூளையில் பாய்ந்தான் என்கிறது அவ்வூர் வழக்கு. பிறகு? கோயில் எழுந்தது; அவன் சூளைத் தெய்வமானான்! வாழ்ந்தபோது இரக்கம் இல்லை, வெந்தபின் தூபம்! சுட்டெரித்த கொடுமையை மறைக்கப் பூசை எவ்வளவு எளிய வழி!

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "அப்படியானால் அழகை விரும்புவதே குற்றமா, ஐயா?" நல்ல கேள்வி. குற்றமன்று, தம்பி. தேடிச் சேர்ப்போர் இல்லையேல் எத்தனையோ சாடிகள் உடைந்து மண்ணாகியிருக்கும், அதையும் ஒப்புவோம். பம்பாயில் பிறந்த பெர்சிவல் டேவிட், தாம் சேர்த்த சீனப் பீங்கான்களை 1950இல் லண்டன் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். திங் வெண்பீங்கான்களும் அடங்கிய ஏறத்தாழ 1,700 பொருட்களை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏழையும் கட்டணமின்றிக் காணலாம். ஒருவர் அலமாரியில் பூட்டுவது வேறு. ஊரார் கண்முன் வைப்பது வேறு.

ஆயினும் அங்கும் நம் கடமை முடியவில்லை. தோழர்களே, சாடியின் முன் நிற்கும்போது, "விலை என்ன?" என்று கேட்குமுன், "சுட்டவன் யார்? அவன் வயிறு நிறைந்ததா?" என்று கேட்போம்.