மேடையின் கீழே ஒருவர்

கிறித்தவ ஆலயங்களில் வாசகத்துக்கும் பிரசங்கத்துக்கும் உயரமான மேடை எதற்கு? குரல் கேட்கவேண்டும் என்பதுதான் முதல் பதில். பைசாந்திய ஆலயங்களில் நின்ற ‘அம்போ’வின் பெயரையே ‘ஏறிச்செல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இணைப்பார்கள். பிற்காலத்தில் பிரசங்கியின் தலைக்கு மேல் பலகைக் கூரை வைத்ததும் குரல் மேலே போய்ச் சிதறாமல் இருக்கத்தான். நியாயமான காரணம். ஆனால் மேலே நிற்பவர் குரல் கீழே வரும் அளவுக்குக் கீழே இருப்பவர் குரல் மேலே போவதில்லை.

கி.பி. 399. கான்ஸ்டான்டிநோப்பிளில் பேரரசருக்கு அடுத்தபடியாக அதிகாரம் செலுத்திய யூட்ரோப்பியஸ் ஒரே நாளில் வீழ்ந்தார். உயிருக்கு அஞ்சி ஆலயத்துக்குள் ஓடிப் பலிபீடத்தின் அடியில் ஒடுங்கினார். ஆலயத்தில் அடைக்கலம் தேடும் உரிமையைச் சட்டம் போட்டு ஒடுக்கியவரே அவர்தான். பேராயர் யோவான் கிறிசோஸ்தோம் அவரைப் படைவீரர்களிடம் ஒப்படைக்க மறுத்தார். பிறகு, நன்றாகக் கேட்கவேண்டும் என்பதற்காகத் தாம் வழக்கமாக அமரும் அம்போவில் அமர்ந்து, அதிகாரத்தின் நிலையாமையைப் பற்றிப் பேசினார். உதாரணம், கண்ணெதிரே நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர். இதைக் குறித்துவைத்த வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் (தத்துவஞானி அல்ல, பல நூற்றாண்டு பிந்தியவர்), இரக்கம் காட்டவேண்டிய இடத்தில் கடிந்துகொண்டார் என்று அன்றே சிலர் மனம் நொந்ததாகச் சொல்கிறார்.

பேராயரின் தரப்பும் லேசானதல்ல. கூட்டம் அந்த மனிதர்மேல் வெறுப்போடு நின்றது. அவரது அவல நிலையைக் காட்டித்தான் அந்த வெறுப்பைக் கரைக்க முடியும். உரையின் முடிவில் அவருக்காகப் பேரரசரிடம் மன்றாடும்படி மக்களைக் கேட்கவும் செய்தார். உயிரைக் காப்பாற்றியவர் நாலு வார்த்தை சொல்லக்கூடாதா?

எனக்கு மனம் ஒப்பவில்லை. சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும். வெளியே வாள் காத்திருக்கையில் எழுந்து போகவும் முடியாத ஒருவரைப் பாடமாக்கினார். அடைக்கலம் கொடுத்ததற்கு அது விலையாகிவிட்டது.

அதே மேடையை வேறுவிதமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை தென் இத்தாலியில், பாஸ்கா இரவுப் புகழுரையைத் திருத்தொண்டர் நீண்ட தோல்சுருளிலிருந்து பாடுவார். பாடப் பாடச் சுருள் மேடையின் முன்புறம் கீழே இறங்கும். பல சுருள்களில் எழுத்து அவர் பக்கம், படங்கள் தலைகீழாக, கீழே நிற்பவர்களுக்கு நேராகத் தெரியும்படி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எவ்வளவு தெரிந்ததோ! ஆனாலும் வரைந்தவர் கீழே நின்று யோசித்திருக்கிறார்.

யூட்ரோப்பியஸ் சைப்ரஸுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து திருப்பி வரவழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்த உரையை இன்றும் படிக்கலாம். அதில் பேசுபவர் ஒருவர்தான்.