மடவார் வளாகத்துப் பிரசவம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிற வைத்தியநாதசுவாமியைச் சொன்னால், திருமலை நாயக்கரின் வயிற்றுவலி தீர்ந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு நெருக்கமானது இன்னொரு கதை. நிறைமாதக்காரி ஒருத்தி தாய்வீட்டுக்கு நடக்கிறாள். வழியிலேயே வலி கண்டுவிடுகிறது. சிவன் அவளுடைய தாயாக வந்து பிரசவம் பார்க்கிறார். தாகம் என்றவளுக்கு விரலால் தரையைக் கீறித் தண்ணீர் தருகிறார். பெற்ற தாய் வந்து சேர்ந்த பிறகுதான் வந்தவர் யாரென்று தெரிகிறது. திருச்சி தாயுமானவருக்கும் இதே போன்ற கதை உண்டு.

நான் பிரசவ வார்டில் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தவள். நர்ஸுகளின் வேலையை மதிப்பிட்டு எழுதுவது என் பொறுப்பு. "அந்தப் பொண்ணு வேலை செய்யுது, ஆனா மனசோட செய்யல" என்பார்கள். மனசை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குழந்தை பிறந்து முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிஷத்துக்கு ஒருமுறை தாயின் நாடி, பி.பி., ரத்தப்போக்கு எல்லாம் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கியிருக்கிறதா என்பது அடிவயிற்றில் கை வைத்தால்தான் தெரியும். சுருங்கவில்லையென்றால் ரத்தம் நிற்காது, உயிரே போகலாம். கை வைக்காமலும் கேஸ் ஷீட்டை நிரப்பிவிடலாம். தாளில் வித்தியாசம் தெரியாது. அதனால் கட்டிலுக்கே போய்க் கேட்பேன்: "சிஸ்டர் வயித்தத் தொட்டுப் பாத்தாங்களாம்மா?"

வீட்டில் காய்ச்சலோடு விட்டுவந்த பிள்ளையை நினைத்தபடி ஒரு நர்ஸ் அந்தக் கையை வைக்கலாம். அப்போது அன்பே தோன்றாமல் போகலாம். அதுவும் சேவையா? சேவைதான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் கதையில் பிரசவித்த பெண்ணுக்கு, வந்தது தெய்வம் என்றே அப்போது தெரியாது. தாங்கிப் பிடித்த கையும் தண்ணீரும் துணையும்தான் அவளுக்குக் கிடைத்தவை. ஒரே பார்வையில் வலியை நிறுத்தியிருக்கக்கூடியவர், பிள்ளை பிறக்கும்வரை கூடவே இருந்தார். நர்ஸின் மனசு அவளுக்கும் ஆண்டவனுக்கும் இடையில் உள்ளது. நான் கேட்கக்கூடியது அந்தக் கையை மட்டும்தான்.

ஆண்டவனுக்கு அன்று ஒரே ஒரு தாய். பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நைட் டூட்டியில் அதைப்போலப் பல மடங்கு பேரை ஒருத்தியே பார்க்கும்போது 15 நிமிஷக் கணக்கு தவறாமல் என்ன செய்யும்? அந்தத் தவறை அவள் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். நர்ஸுக்கு மெமோ கொடுக்க என்னை எழுதித் தரச் சொன்னபோதெல்லாம், அன்றிரவு வார்டில் எத்தனை தாய்மார், எத்தனை நர்ஸ் என்பதையும் அதே தாளில் எழுதி, இரவுக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.