அண்ணே, அடுத்த வாரமும் வருவீங்களா?



"தொண்டு செய்யுங்கள், மனசு சந்தோஷமாக இருக்கும்" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் யாருக்கு, எந்த விலையில் என்று ஒரு சிறுவன் என்னை யோசிக்க வைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவிலிருந்து நாங்கள் இருபது பேர் கேமரன் மலைக்குப் போனோம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்துக் கோயிலைக் கோத்தோங் ரோயோங் செய்து சுத்தப்படுத்தினோம். பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தோம், தேவாரம் சொல்லிக் கொடுத்தோம். பதாகை பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டோம். மலை இறங்கும்போது மனசு பஞ்சு மாதிரி இருந்தது. அப்போது எனக்கு வேலை போயிருந்த நேரம். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். ஒரு பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டான்: "அண்ணே, அடுத்த வாரமும் வருவீங்களா? போன தடவை வர்றேன்னு சொன்னீங்களே, நாங்க கோயில்ல உக்காந்திருந்தோம்."

நான் சொன்னது எனக்கே நினைவில்லை. என் சந்தோஷத்துக்கான விலையை அந்தப் பிள்ளைகள் காத்திருந்து கொடுத்திருக்கிறார்கள்.

இதை நண்பனிடம் சொன்னேன். "எந்த எண்ணத்தோட கொடுத்தா என்னடா? சோறு வயித்த நெறைக்குது இல்ல?" என்றான். சோற்றுப் பொட்டலத்துக்கு அது சரிதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஒருநாள் காரியமில்லை. சந்தோஷத்தைத் தேடிப் போகிறவன், மழை பெய்கிற சனிக்கிழமையில், மூன்றே பிள்ளைகள் வருகிற வகுப்பில் அது கிடைக்காதபோது நின்றுவிடுவான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-இல் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களை நெடுங்காலமாகத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். அவர்களிடம் 2004-இல் தொண்டு செய்வதற்கான காரணத்தைக் கேட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பிறருக்காகச் செய்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. தங்கள் நலனுக்காகச் செய்தவர்களோ, தொண்டே செய்யாதவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் நம் பெரியவர்கள் சொன்ன பலன் கருதாத பணி எனக்கு ஞாபகம் வந்தது.

திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அதில் தம் பெயரைப் போடவில்லை, தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரைத்தான் போட்டார். அந்த நாவுக்கரசரோ உழவாரம் ஏந்தி ஊர் ஊராகக் கோயில்களில் புல் செதுக்கியவர். நம் நாட்டிலும் சுவாமி சத்தியானந்தா 1949-இல் தொடங்கிய சுத்த சமாஜத்தில், அன்னை மங்களம் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார். 2023-இல், 97 வயதில் மறையும்வரை அதுவே அவர் வீடு. ஒருநாள் உற்சாகத்தில் அப்படி வாழ முடியாது.

அந்தத் தோட்டத்தில் முன்பு கொழுந்து பறித்த ஒரு பாட்டி சொன்னார்: "செடிக்கு நாள் தவறக்கூடாது தம்பி. தவறினா கொழுந்து முத்திப்போயிடும். அப்புறம் எத்தனை பேர் வந்து என்ன?" எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஆளுக்கு மாதம் ஒருமுறை. பதாகை இல்லை, பிள்ளைகளைப் படம் எடுப்பதில்லை. என்ன வேண்டும் என்று முதலில் பெற்றோரைக் கேட்டோம். "பை இருக்குய்யா, கணக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார்கள். வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

இரண்டு ஆண்டு ஆகிறது. சில நாள் அலுப்பாக இருக்கும், சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் வேலையில்லாத காலத்தில் அறைக்குள் கைத்தொலைபேசியோடு முடங்கிக் கிடந்த நான், இன்று என்னை எதிர்பார்க்கும் ஓர் இடம் இருக்கிறது என்ற தெம்போடு எழுகிறேன். அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. தேடுவதை விட்ட பிறகுதான் வந்திருக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, பெரிதாக எதுவும் வேண்டாம். ஓர் இடம், ஒரு நாள், ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். செய்து முடித்ததும் "நான் சந்தோஷமாக இருக்கிறேனா?" என்று கேட்காதீர்கள். "அடுத்த வாரமும் வருவேனா?" என்று கேளுங்கள்.

போன சனிக்கிழமை அந்தப் பையன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.